முடிவு தெரிந்த கதையில் பதற்றம் எப்படி வரும்? சரித்திர நாவலுக்குக் கட்டமைப்பு போடும் முறை

சரித்திர நாவல் எழுத உட்காரும் எல்லோரையும் முதலில் மடக்குவது ஒரே கேள்விதான். கடைசியில் என்ன நடக்கும் என்று வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். அப்புறம் எதற்காக அவர் பக்கத்தைப் புரட்டுவார்? துப்பறியும் கதை எழுதுபவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. கொலைகாரன் யார் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்தால் போதும். நமக்கு ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. கோட்டை விழுந்தது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

இதற்கு விடை தேடி ஆவணங்களிலும் கிழித்துப் போட்ட அத்தியாயங்களிலும் நான் நிறையக் காலம் செலவழித்துவிட்டேன். புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த அலைச்சலைப் படவேண்டாம் என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் ஒரே உதாரணம்: 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்ப் புரட்சி. உங்கள் நாவல் வேறு காலம், வேறு ஊராக இருக்கலாம். படிகள் மாறாது.

உதாரணம் புரிய வேண்டிய அளவுக்கு மட்டும் நிகழ்ச்சி இது: புதுத் தலைப்பாகை அணியவேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது, சீருடையில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்கவேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் உத்தரவு வந்தது. ஜூலை 10 அதிகாலையில் வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்து கோட்டையைப் பிடித்தார்கள், திப்பு சுல்தானின் கொடியை ஏற்றினார்கள். காலை முடிவதற்குள் ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

1. வரலாற்றின் கேள்வியையும் கதையின் கேள்வியையும் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி வரலாற்றின் கேள்வி: “சிப்பாய்கள் கோட்டையைத் தக்கவைப்பார்களா?” இதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். இதை மட்டும் நம்பி நாவல் எழுதினால் ஐம்பதாம் பக்கத்தில் காற்று இறங்கிவிடும்.

இரண்டாவது வரி உங்கள் பாத்திரத்தின் கேள்வி. அதற்கு விடை எந்த ஆவணத்திலும் இருக்கக் கூடாது. உதாரணத்துக்காக மூன்று பேரைக் கற்பனை செய்கிறேன்: ஜமேதார் (கம்பெனிப் படையில் சுதேசி அதிகாரி) சுப்பராயன், அவர் மகள் அலமேலு, மருமகன் சிப்பாய் கோவிந்தன். கோவிந்தன் புரட்சிக் கூட்டத்தில் இருக்கிறான். மாமனாருக்குக் கம்பெனி விசுவாசி என்று பெயர். கதையின் கேள்வி இது: “உண்மை தெரிந்தும் வாய் மூடிய ஜமேதார், அதே உண்மையை இன்னொரு முறை கேட்டால் என்ன சொல்வார்? அதில் யார் சாவார்?”

முதல் கேள்வியின் முடிவு முன்கூட்டியே தெரிவது இரண்டாவது கேள்விக்கு உதவிதான். கோட்டை விழப்போகிறது என்று வாசகருக்குத் தெரியும், கோவிந்தனுக்குத் தெரியாது. அவன் “ஆடி பிறந்ததும் ஊருக்குப் போகலாம்” என்று மனைவியிடம் சொல்லும் ஒவ்வொரு முறையும் வாசகருக்கு வயிற்றைப் பிசையும். முடிவை மறைக்க நினைப்பவர்கள் இந்தப் பலனை இழந்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள். முதல் அத்தியாயத்திலேயே தேதியைப் போட்டுவிடுங்கள்.

எச்சரிக்கை: உண்மையில் வாழ்ந்த பெரிய மனிதரைக் கதாநாயகராக வைத்தால் இரண்டாவது கேள்வி கிடைப்பது கடினம். அவர் எப்போது பிறந்தார், எப்படி இறந்தார் என்பது பதிவாகியிருக்கும். அவரை ஓரமாக நிறுத்துங்கள். பதிவேட்டில் பெயரில்லாத ஒருவரை நடுவில் வையுங்கள்.

2. ஆவணங்கள்: எதை, எங்கே, என்ன செலவில்

கட்டமைப்பு பற்றிய கட்டுரையில் ஆவணம் எதற்கு என்று கேட்காதீர்கள். சரித்திர நாவலில் திருப்பங்கள் பெரும்பாலும் ஆவணத்திலிருந்துதான் கிடைக்கும். நாம் யோசித்துச் செய்வதைவிட அவை கூர்மையாக இருக்கும்.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். 19ஆம் நூற்றாண்டில் அச்சான வட ஆற்காடு மாவட்டக் கையேடு, மதராஸ் ராணுவத்தின் வரலாறு போன்றவை உரிமை காலாவதியானவை. இணைய ஆவணக் களஞ்சியங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் அன்று கொல்லப்பட்டார். பிள்ளைகளோடு ஒளிந்திருந்து தப்பிய அவர் மனைவியின் நேரடிக் குறிப்பும் அச்சில் வந்திருக்கிறது. அந்தக் குறிப்பில் சத்தங்கள் இருக்கின்றன, காத்திருத்தல் இருக்கிறது. ஒரு அறைக்குள்ளிருந்து கேட்கும் போர் எப்படி இருக்கும் என்பதை அதைவிட நன்றாக வேறெதுவும் சொல்லாது.

அடுத்தது எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். வேலூர் விசாரணைக் காகிதங்கள் அங்கே ‘சீக்ரெட் சண்ட்ரீஸ்’ என்ற தொகுதிகளில் இருக்கின்றன. போகும் முன் அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையின் நகலும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பேராசிரியர் அல்லது பதிப்பாளரிடம் கடிதம் வாங்கினால் வேலை சுலபம். கேட்ட தொகுதி கேட்ட அன்றே மேசைக்கு வரும் என்று திட்டமிடாதீர்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒரே நாளில் திரும்ப நினைத்தால் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். நகல் எடுக்க அனுமதியும் கட்டணமும் தனி. அதை முதல் நாளே கேட்டுவிட்டு, பென்சிலும் நோட்டுமாக உட்காருங்கள்.

இடத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். காட்பாடியில் இறங்கினால் கோட்டை பக்கம்தான். அகழியைச் சுற்றி முழுதாக ஒரு நடை நடங்கள். வாசலிலிருந்து உள் மைதானத்துக்கு எத்தனை மூச்சில் ஓடலாம், மதில்மேல் நிற்பவனுக்கு எது தெரியும், எது மறையும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பதற்றக் காட்சிக்கு இந்த அளவுகள்தான் எலும்பு.

இங்கே பெரிய பொறி ஒன்று உண்டு. கிடைக்கும் காகிதங்களில் பெரும்பாலானவை வென்றவர்கள் எழுதியவை. சிப்பாய்களின் குரல் வாக்குமூலங்களில் மட்டும் வரும், அதுவும் உயிர்ப் பயத்தில் சொல்லி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதப்பட்டது. ஒரு வாக்குமூலத்தைப் படிக்கும்போது “இவர் ஏன் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார்?” என்று கேளுங்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையில்கூட நூல்கள் ஒத்துப்போவதில்லை. கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்களில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதிலும் அப்படித்தான். நாவலாசிரியருக்கு இது வசதி. உங்கள் பாத்திரம் பிணங்களை எண்ணப்போவதில்லை. அரண்மனைக்குள் என்ன பேசினார்கள் என்பதும் அலமேலுவுக்கு வதந்தியாகத்தான் வரும்.

3. மூன்று பத்தி நோட்டுப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நீளமான நோட்டில் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பத்தியில் என்ன நடந்தது. இரண்டாவதில் அன்று அது யாருக்குத் தெரியும். மூன்றாவதில் வாசகருக்கு அதை எந்த அத்தியாயத்தில் சொல்கிறேன்.

வேலூருக்கு அந்த நோட்டு இப்படி நிறையும்:

1805 நவம்பர். உடை உத்தரவு. ராணுவத்தில் எல்லோருக்கும் தெரியும். அத்தியாயம் 1, கோவிந்தன் கடுக்கனைக் கழற்றி அலமேலுவிடம் கொடுக்கும் காட்சி.

1806 மே. வேலூரில் இருந்த வேறொரு பட்டாளத்தில் புதுத் தலைப்பாகையை மறுக்கிறார்கள். இருவருக்கு 900 கசையடி. 19 பேருக்கு 500 அடி விதித்து, மன்னிப்புக் கேட்டதால் விட்டுவிடுகிறார்கள். ஊருக்கே தெரியும். அத்தியாயம் 7.

1806 ஜூன் 17. முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று கர்னல் ஃபோர்ப்ஸிடம் சொல்கிறார். கர்னல் அதை விசாரிக்கும் பொறுப்பைச் சுதேசி அதிகாரிகள் குழுவிடம் விடுகிறார். அவர்கள் “இவனுக்குப் பைத்தியம்” என்று சொல்ல, முஸ்தபா பேக்கைச் சிறையில் போடுகிறார்கள். அந்தக் குழுவுக்குத் தெரியும், அலமேலுவுக்குத் தெரியாது. அத்தியாயம் 15.

ஜூலை 9. கோட்டைக்குள் திப்பு மகளின் திருமணம். மறுநாள் காலைக் கவாத்து என்பதால் சிப்பாய்கள் அன்றிரவு வெளியே பேட்டையில் உள்ள வீடுகளுக்குப் போகாமல் கோட்டைக்குள்ளேயே தங்கலாம். சதிக்காரர்களுக்கு இது அமைந்த வாய்ப்பு என்று தெரியும். பேட்டையில் இருக்கும் பெண்களுக்கு “இன்று வரமாட்டார்” என்பது மட்டும் தெரியும்.

மூன்றாவது பத்தியை நிரப்பும்போதுதான் நாவலின் கட்டமைப்பு உருவாகிறது. முதல் பத்தியின் வரிசை வரலாற்றுக்குச் சொந்தம், அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. மூன்றாவது பத்தி முழுக்க நம்முடையது.

4. யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதில்தான் பதற்றம் இருக்கிறது

ஜூன் 17 அறைக்குள் கொஞ்ச நேரம் இருப்போம். அந்தக் குழுவில் ஜமேதார் சுப்பராயன் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை. முஸ்தபா பேக் சொல்வது உண்மை என்று அவருக்குத் தெரியும், மருமகன் பேர் அதில் இருக்கிறது என்றும் தெரியும். “பைத்தியம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் மருமகன் பிழைப்பான், ஒரு நேர்மையான சிப்பாய் விலங்கில் கிடப்பான், கோட்டையில் தூங்கும் வெள்ளைக்காரர்கள் சாவார்கள். அவர் சொல்லிவிடுகிறார்.

இதை வாசகருக்கு எப்போது காட்டுவது? மூன்று வழி இருக்கிறது. மூன்றும் வேறு வேறு நாவல்.

நடக்கும்போதே காட்டினால், அடுத்த மூன்று வாரமும் ஜமேதார் சாப்பிடும் ஒவ்வொரு கவளத்தையும் வாசகர் பார்த்துக்கொண்டிருப்பார். மகள் “அப்பா, ஏன் தூங்கவில்லை?” என்று கேட்டால் நமக்குப் பதில் தெரியும், அவளுக்குத் தெரியாது. துப்பாக்கி ஒன்றும் வெடிக்காமலே பக்கங்கள் இறுகிப்போகும்.

கடைசிவரை ஒளித்துவைத்து விசாரணையில் உடைத்தால் ஒரு அதிர்ச்சி கிடைக்கும். அதற்கு விலையாக நடுப்பகுதி முழுவதும் தொய்யும்.

மூன்றாவது வழி, பாதி காட்டுவது. அறைக்குள் போன ஜமேதார் வெளியே வந்து கை கழுவுகிறார். உள்ளே என்ன சொன்னார் என்பது அடுத்த அத்தியாயத்தில் முஸ்தபா பேக்கின் விலங்குச் சத்தமாக வருகிறது. வாசகர் தானே கூட்டிப் புரிந்துகொள்வார். புதிதாக எழுதுபவர்களுக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். அதற்குத் திறமையைவிட நிதானம்தான் அதிகம் வேண்டும். மூன்றாவது வழி அழகானது; கை பழகிய பிறகு வையுங்கள்.

பொதுவாக ஒரு பொறியில் எல்லோரும் விழுகிறார்கள்: ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் கதவு தட்டும் சத்தம், குளம்படிச் சத்தம், இருளில் ஒரு உருவம். தொடர்கதைக் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை படித்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. புத்தகமாக ஒரே மூச்சில் படிப்பவருக்கு ஐந்தாவது குளம்படியிலேயே காது மரத்துவிடும். அத்தியாயத்தை ஒரு முடிவில் நிறுத்துங்கள், ஆனால் அந்த முடிவு புதிதாக ஒரு கடனை ஏற்படுத்தட்டும். “பைத்தியம்” என்று சொன்னது அன்றைய சிக்கலைத் தீர்த்தது, அதைவிடப் பெரிய சிக்கலைத் தொடங்கியும் வைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் நிறுத்தினால் குளம்படி தேவைப்படாது.

5. காலத்தைப் புனல்போலச் சுருக்குங்கள்

அத்தியாயங்களைச் சமமாகப் பங்குபோடாதீர்கள். நாற்பது அத்தியாய நாவல் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: உத்தரவிலிருந்து கசையடி வரை உள்ள மாதங்களுக்கு 6, கசையடியிலிருந்து ஜூன் 17 வரை 8, ஜூன் 17 முதல் ஜூலை 8 வரை 10, ஜூலை 9 என்ற ஒரே நாளுக்கு 6, இரவு இரண்டு மணியிலிருந்து காலை வரை 6, அதற்குப் பின் 4.

மாதங்கள் நாட்களாகும், நாட்கள் மணிகளாகும். வாசகருக்குக் காரணம் தெரியாமலே மூச்சு வேகமாகும். நேரம் நெருங்க நெருங்க வாக்கியத்தையும் குட்டையாக்கவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஜூலை 9 மாலையில் ஒரு நீண்ட, அவசரமில்லாத காட்சி இருந்தால்தான் இரவு வலிக்கும்.

அந்த மாலைக் காட்சியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். அலமேலு கோட்டை வாசலுக்குச் சோற்றுக் கலயம் எடுத்துக்கொண்டு போகிறாள். உள்ளே கல்யாண மேளம். கோவிந்தன் வருகிறான், கலயத்தை வாங்குகிறான், வழக்கம்போலப் பேசுகிறான். போகும்போது, “வீட்டில் என் கடுக்கன் இருக்கிறதல்லவா, யாரிடமாவது கொடுத்தனுப்பு” என்கிறான். அவ்வளவுதான். உத்தரவு வந்த நாளிலிருந்து அவன் கேட்காத பொருள். சீருடையில் போடக்கூடாத பொருள். காலையில் கவாத்து என்று சொன்னவனுக்கு இன்றிரவு கடுக்கன் எதற்கு? அலமேலு வீடு வந்து சேர்வதற்குள் புரிந்துகொள்கிறாள். வாசல் அதற்குள் சாத்தியிருக்கும்.

சதி, ஆயுதம், இரகசியச் சொல் எதுவும் அந்தக் காட்சியில் இல்லை. முதல் அத்தியாயத்தில் சும்மா வைத்ததுபோல வைத்த ஒரு பொருள் கிட்டத்தட்ட முப்பது அத்தியாயம் கழித்துப் பேசுகிறது. உங்கள் நோட்டில் இப்படிப்பட்ட பொருள்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். இரண்டு அல்லது மூன்று போதும். பத்து வைத்தால் வாசகருக்கு நினைவில் நிற்காது.

6. செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணக்குப் போடுங்கள்

தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தை எழுதும்போது உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இது. செய்தி குதிரையைவிட வேகமாகப் போகாது. வேலூரிலிருந்து ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர். அன்றிரவு கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்புகிறார், விடிந்ததும் கில்லஸ்பி புறப்படுகிறார், காலை எட்டு ஒன்பது மணிவாக்கில் வாசலுக்கு வந்துவிடுகிறார். ஆக, இரண்டு மணிக்குத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம் மட்டும். அவர்களுக்கு அது தெரியாது. கோட்டையைப் பூட்டிக் காவல் போடாமல் சிலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள் என்றும் குறிப்புகள் சொல்கின்றன.

இந்த இடைவெளியில் இரண்டு காட்சிகளை மாற்றி மாற்றி வையுங்கள்: உள்ளே கொடி ஏறுகிறது, வெளியே சாலையில் புழுதி எழும்புகிறது. பேட்டையில் நிற்கும் அலமேலுவுக்கு இரண்டுமே தெரியும். அவளிடம் அந்தச் செய்தியை உள்ளே கொண்டுபோக வழியில்லை.

நிலவையும் கவனியுங்கள். இது பலர் தவறவிடும் விஷயம். 1806 ஜூன் 16 அன்று சூரிய கிரகணம் நடந்திருக்கிறது, எனவே அன்று அமாவாசை. அங்கிருந்து எண்ணினால் ஜூலை 10 அதிகாலையில் தேய்பிறை, பாதிக்கும் சற்றுக் குறைந்த நிலா, நள்ளிரவு தாண்டித்தான் எழுந்திருக்கும். ‘பால்போல் நிலவு காய்ந்தது’ என்று எழுதினால் தவறு, ‘கும்மிருட்டு’ என்றாலும் தவறு. கிழக்கே தாழ்வாக ஒரு தேய்ந்த நிலா, நீண்ட நிழல்கள். காட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கிழமை வியாழன். தமிழ்க் கணக்கில் அட்சய வருடம், ஆனி மாதக் கடைசி.

7. உச்சத்தைப் பீரங்கிச் சத்தத்தில் வைக்காதீர்கள்

கில்லஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறுவதும், பீரங்கி வந்து கதவை உடைப்பதும் கண்ணைப் பறிக்கும் காட்சிகள். எழுதுங்கள், நன்றாகவே எழுதுங்கள். ஆனால் அது வரலாற்றின் கேள்விக்கு விடை. நம்முடைய இரண்டாவது கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

அதற்கு விடை வரும் இடம் புரட்சிக்குப் பிறகு நடந்த விசாரணை. மேசை, எழுத்தர், மொழிபெயர்ப்பாளர். ஜமேதாரிடம் கேட்கிறார்கள்: “முஸ்தபா பேக்குக்குப் பைத்தியம் என்று ஏன் சொன்னீர்?” “உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்” என்றால் முட்டாள் என்ற பெயரோடு பிழைக்கலாம். ஆனால் மதிலிலிருந்து குதித்துத் தப்பிய கோவிந்தனை அதற்குள் பிடித்துவந்திருக்கிறார்கள். ‘அன்று இரவு என்னோடுதான் இருந்தான்’ என்று மாமனார் சொன்னால் அவன் பிழைப்பான், மாமனார் அகப்படுவார். ஜூன் 17இல் ஒரு சொல்லால் தப்பியவர் முன்னால் அதே மாதிரி ஒரு சொல் மறுபடி நிற்கிறது, இந்தத் தடவை விலையோடு.

உச்சகட்டத்துக்கு இதுதான் அளவுகோல்: முதன்மைப் பாத்திரம் ஒரு முடிவு எடுக்கவேண்டும், இரண்டு வழியிலும் இழப்பு இருக்கவேண்டும், முன்பு ஒரு முறை தப்பித்த அதே இடமாக இருக்கவேண்டும். எத்தனை பேர் செத்தார்கள் என்பது இதில் கணக்கே இல்லை.

அவர் என்ன சொல்லவேண்டும் என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதும்போது இரண்டு வடிவத்தையும் முழுதாக எழுதிப் பாருங்கள். எதை எழுதக் கை தயங்குகிறதோ அதுவே பெரும்பாலும் சரியானது.

8. அவிழ்ப்புக்கு இடம் விடுங்கள்

நாற்பதில் நான்கு அத்தியாயம் பின்பகுதிக்கு என்று சொன்னேன். அதைக் குறைக்காதீர்கள். விசாரணை முடிந்த மறு பக்கத்தில் ‘முற்றும்’ போட்டால் வாசகர் படிக்கட்டில் பாதியில் நின்றுவிடுவார்.

வரலாறே இங்கே கை கொடுக்கிறது. சிலர் தூக்கிலிடப்பட்டார்கள், சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்கள். திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். மதராஸ் கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிராடக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. தலைப்பாகை உத்தரவு ரத்தானது. எதற்காக எழுந்தார்களோ அது கிடைத்துவிட்டது, கேட்டவர்கள் இல்லை. முஸ்தபா பேக்குக்குப் பரிசும் ஓய்வூதியமும் கிடைத்தன.

இதையெல்லாம் பட்டியலாகக் கடைசி அத்தியாயத்தில் கொட்டிவிடுவது அடுத்த பொறி. ‘பின்னர் நடந்தவை’ என்று பாடப்புத்தகம் தொடங்கிவிடும். ஒவ்வொரு செய்தியும் ஒரு பாத்திரத்தின் வாசலுக்கு வந்து சேரவேண்டும். உத்தரவு ரத்தான செய்தி அலமேலுவுக்கு யார் வாயால், எந்த வேலையின் நடுவே வருகிறது என்று யோசியுங்கள். ரத்தான உத்தரவில் கடுக்கனும் அடக்கம் என்று அவளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

எல்லா முடிச்சையும் அவிழ்க்கவும் வேண்டாம். பாத்திரத்தின் கேள்விக்குக் கட்டாயம் விடை வேண்டும். வரலாற்றிலேயே தெளிவில்லாதவற்றைத் தெளிவில்லாமலே விடலாம்.

9. காலப்பிழைச் சோதனை

பதற்றம் கட்டிய அத்தியாயத்தை ஒரு சின்னக் காலப்பிழை குலைத்துவிடும். வேலூருக்கு மட்டும் சில:

கோட்டைக்குள் இன்று இருக்கும் புனித ஜான் தேவாலயம் 1846இல் கட்டியது. 1806இல் அதன் மணி அடிக்க முடியாது.

ஜலகண்டேஸ்வரர் கோயில் அன்று இருந்தது, ஆனால் வழிபாடு இல்லை. மூலவரை மறுபடி வைத்தது 1981இல்தான். அலமேலு அங்கே போய் விளக்கேற்றக் கூடாது. பூட்டிய கோயிலை வெளியே நின்று பார்த்துக் கும்பிடலாம். அது இன்னும் நல்ல காட்சி.

கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இங்கே சிறையிருந்தது புரட்சிக்குப் பல வருடம் கழித்து.

தீக்குச்சி கிடையாது, சிக்கிமுக்கிக் கல்தான். இருட்டில் சட்டென்று விளக்கேற்றும் காட்சி இருந்தால் திருத்துங்கள். பணம் எண்ணும் இடத்தில் வராகன், பணம், காசு வரட்டும். ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு.

பேச்சில் தமிழ், தெலுங்கு, தக்கணி உருது மூன்றும் கலந்திருந்த பட்டாளம் அது. எல்லோரையும் செந்தமிழில் பேசவைக்காதீர்கள்.

10. எழுதி முடித்தபின்: காகிதம், காலம், பணம்

முதல் வரைவை முடித்ததும் உடனே திருத்த உட்காராமல் சில வாரம் மூடி வையுங்கள். அப்புறம் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் அந்த வரலாறு தெரிந்தவராக இருக்கட்டும், மற்றவர் தெரியாதவராக இருக்கட்டும். இருவரையும் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள்? இருவரும் ஒரே பக்கத்தைச் சொன்னால் மூன்றாவது பத்தியில் ஏதோ இடம் மாறியிருக்கிறது. நோட்டுக்குத் திரும்புங்கள்.

சென்னைப் புத்தகக் கண்காட்சி வழக்கமாக ஜனவரியையொட்டி நடக்கும். அதற்குப் புத்தகம் வரவேண்டுமென்றால் ஆடி, ஆவணிக்குள் கைப்பிரதி பதிப்பாளரிடம் இருப்பது நல்லது. கார்த்திகையில் கொடுத்தால் மெய்ப்புப் பார்க்கும் நேரத்தைத்தான் வெட்டுவார்கள்.

பதிப்புரிமை எழுதியவுடனே உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. பதிய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம், மத்திய அரசின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். பழைய நூலிலிருந்தோ மொழிபெயர்ப்பிலிருந்தோ நீண்ட பகுதியை எடுத்தாள்வதாக இருந்தால், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கைப்பிரதியோடு அந்த மூன்று பத்தி நோட்டின் நகலையும் பதிப்பாளருக்கு அனுப்புங்கள். அச்சுக்கோப்பில் ஜூன் 17 தவறி ஜூலை 17 ஆகிவிட்டால், மெய்ப்புப் பார்ப்பவர் அதைப் பிடிக்க அந்த நோட்டு ஒன்றுதான் துணை.